ஏழாவது படியில் நின்றவர்கள்

அன்புள்ள ஐயா,
எனக்கு 52 வயது. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். ஆனால் பத்து நிமிடம் நடந்து நெஞ்சு படபடத்தாலே பயந்து உட்கார்ந்துவிடுகிறேன். கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்தபடியேதான் நடக்கிறேன். நீங்களும் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் கேட்கிறேன்.
கே.

அன்புள்ள கே.,
எங்கள் வீட்டு மாடிக்குப் பதினான்கு படிகள். ஸ்டென்ட் வைத்து வந்த புதிதில் ஏழாவது படியில் நின்று கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். வேகமாகத் துடிக்கும். அப்படியே இறங்கிவிடுவேன். படியேறினால் யாருக்கும் நெஞ்சு துடிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

படபடப்பு, மூச்சு வாங்குவது, வியர்வை. அன்று மாரடைப்பில் வந்ததும் இவைதான், நடந்தால் வருவதும் இவைதான். உடம்புக்குப் பழையபடி நம்பிக்கை வர, இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். தனியாகப் பழகுவது கஷ்டம். உங்கள் படபடப்பை டாக்டரிடம் சொல்லுங்கள்; இதய மறுவாழ்வுப் பயிற்சியில் சேர முடியுமா என்றும் கேளுங்கள். அந்தப் பயிற்சியில் மார்பில் ஈசிஜி ஒயர்களோடு நான் டிரெட்மில்லில் ஏறிய முதல் நாள், பயிற்சியாளர் "பேசிக்கிட்டே நடங்க" என்றார். பேத்தியின் சேட்டைகளைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஒரு வாக்கியத்தைத் திணறாமல் முடிக்க முடிந்தால் வேகம் சரி. நடுவில் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் குறைக்க வேண்டும். இன்றும் எனக்கு அதுதான் அளவு.

கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டே நடக்கலாம். நம்மில் பலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறோம். அது துடிப்பை அதிகம் ஏறவிடாது. துடிப்பின் உச்ச அளவைத் தெரிந்துகொள்ள 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அப்போது பொருந்தாது.

முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். முடிக்கும்போதும் சட்டென்று நிற்காதீர்கள், ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும்.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் வருவது போன்ற உணர்வு: இவை வேறு. உடனே நடையை நிறுத்தி உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தந்திருந்தால் டாக்டர் சொன்னபடி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வீண் அலைச்சலாகிவிடுமோ என்று தயங்கவே கூடாது.

டாக்டரிடம் பேசிய பிறகு, பேச்சுத் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு அதே பத்து நிமிடத்தை நடங்கள். ஒரு வாரம் பத்திலேயே இருக்கட்டும். அப்புறம் பன்னிரண்டு. எப்படிப் போகிறது என்று அவசியம் எழுதுங்கள்.