நாயும் பின்சக்கரமும்

வணக்கம் அண்ணா,

போன மாதம் ஈசிஆரில் என் முதல் சைக்கிள் போட்டி. கோவளம் தாண்டி கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாய் குறுக்கே ஓடி வந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். நாயும் தப்பித்தது, நானும் விழவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் வந்தவர் என் பின்சக்கரத்தில் உரசி விழுந்துவிட்டார். காறை எலும்பு முறிவு. 'நாய் வந்தா யாரு என்ன பண்ண முடியும்' என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, அன்றிலிருந்து சைக்கிளைத் தொடவும் இல்லை. தப்பு என்னுடையதா?

க., மேடவாக்கம்

அன்புள்ள க.,

பாதி உங்களுடையது. மீதி விழுந்தவருடையது. நாய்க்குப் பங்கு கிடையாது, அது அதன் தெருவில் போய்க்கொண்டிருந்தது.

சாலையை அடைத்து, வழியெல்லாம் போலீஸ் நிறுத்தி நடத்துகிற டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்திலேயே 2007இல் இரண்டு தடவை நாய் குறுக்கே வந்தது. மார்கஸ் பர்க்ஹார்ட் நேராக ஒரு பெரிய நாய்மேல் மோதினார், முன்சக்கரம் அப்பளமாக மடிந்துவிட்டது. இன்னொரு நாள் சாண்டி கசார் நாயால் விழுந்து, எழுந்து ஓட்டி, அன்றைய கட்டத்தை ஜெயித்தும்விட்டார். அங்கேயே அப்படி என்றால் நம் ஈசிஆரில் வரத்தான் செய்யும். நாய் மட்டுமா, காற்றடித்த மறுநாள் சாலையோரம் படிந்திருக்கும் மணல், பெயின்ட் அழிந்துபோன வேகத்தடை, எதிர்ப்பக்கத்தில் ஹெட்லைட் இல்லாமல் வரும் டூவீலர். நான் தப்பித்த கதை இதைவிடக் கேவலமானது. மகாபலிபுரம் பக்கம் ஒரு வளைவில், முன்னால் போன மீன் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போயிருக்கிறது, எனக்கு ஈரம் தெரிந்தது, அது மீன் கழுவிய தண்ணீர் என்பது பின்சக்கரம் வழுக்கி ஒரு கால் தானாக பெடலிலிருந்து கழன்ற பிறகுதான் தெரிந்தது. விழவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன்.

சரி, உங்கள் விஷயம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். கண் பார்த்து விரல் பிரேக்கைத் தொட கால் நொடி என்று வைத்தாலும் அதற்குள் பின்னால் வருகிறவர் இரண்டரை மீட்டர் ஓடியிருப்பார், உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததோ அரை மீட்டர். முன்னால் போகிறவர் எதிர்க்காற்றை மறைப்பார், அந்த மறைவுக்காகத்தான் அவ்வளவு ஒட்டி வருகிறோம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒட்டி வருவது வேறு, முன்சக்கரத்தை அடுத்தவர் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழைத்து வைத்திருப்பது வேறு. உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான். சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே, சாய்கிற பக்கம் முன்சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே இருப்பதால். அது மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. உரசியதும் பயத்தில் விலகத்தான் கை போகும், உரசுகிற பக்கமே லேசாகச் சாய்ந்து கொடுத்தால் பல தடவை பிழைத்துவிடலாம், ஆனால் இதைப் புல்தரையில் மெதுவாக ஓட்டிப் பழகாதவருக்கு சாலையில் அந்த நொடியில் வராது. முட்டுக்காடு பாலத்தில் காற்று பக்கவாட்டில் அறையும்போது பாருங்கள், மறைவு தேடி எல்லோரும் இப்படித்தான் கோணலாக நுழைந்து கிடப்பார்கள். எனக்கு நாயைவிட அந்தப் பாலத்தில்தான் பயம்.

உங்கள் பாதி எது என்றால், கத்தவில்லை. கடிதத்தில் பிரேக் பிடித்தது இருக்கிறது, 'டாக்' என்றோ 'ஸ்லோ' என்றோ குரல் கொடுத்தது இல்லை. அப்புறம், முழுசாகப் பிடித்துவிட்டீர்கள். மிதிப்பதை நிறுத்தி, போகிற நேர்கோட்டிலிருந்து விலகாமல், இரண்டு பிரேக்கையும் தொட்டுத் தொட்டு வேகத்தைக் குறைத்திருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், முதல் போட்டியில் நானும் இறுக்கித்தான் பிடித்திருப்பேன்.

ஒருநாள் அவரைப் போய்ப் பாருங்கள். காறை எலும்பு உடைந்தவருக்கு ஒரு டிஷர்ட் மாட்டவே இன்னொரு ஆள் வேண்டும். போகும்போது அவர் ஹெல்மெட்டையும் விசாரியுங்கள். தலை தரையில் பட்டிருந்தால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், உள்ளே இருக்கும் ஃபோம் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். மனுஷன் அதையே மறுபடி மாட்டிக்கொண்டு வரப்போகிறார், புதுசு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.