கதைக்கு அழுகிறார், என்னைக் கவனிப்பதில்லை!

கேள்வி: என் கணவர் ஓயாமல் நாவல் படிப்பவர். கதையில் யாராவது கஷ்டப்பட்டால் கண் கலங்கிவிடுவார். போன வாரம் வேலையிடத்தில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டு வந்து, பேசாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. அத்தியாயத்தை முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை படித்தால் பிறர் மனம் புரியும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் மகளையும் அதற்காகவே படிக்கச் சொல்கிறார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, அன்று உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது.

கதை படித்தால் பிறர் மனம் புரியும் என்ற பேச்சு இவ்வளவு பரவியதற்கு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு முக்கியக் காரணம். சிலருக்கு இலக்கியக் கதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்து முடித்ததும் ஒரு சோதனை: 36 கருப்பு வெள்ளைப் படங்கள், ஒவ்வொன்றிலும் ஒருவருடைய கண்கள் மட்டும். பக்கத்தில் நான்கு சொற்கள். அந்தக் கண்கள் காட்டும் உணர்வு எது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலக்கியம் படித்தவர்கள் சற்றுக் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். கொஞ்ச நேரம் படித்ததற்கே இந்தப் பலனா என்று உலகமெங்கும் செய்தியானது. ஆனால் மற்ற ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. 2018-இல் 14 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, பலன் உண்டு, ஆனால் சிறிய அளவில்தான் என்று தெரிந்தது. நெடுநாள் வாசகர்கள் இதுபோன்ற சோதனைகளில் நன்றாகச் செய்வது உண்மைதான். அது வாசிப்பால் வந்ததா, மனிதர்கள் மேல் இயல்பாகவே ஆர்வம் உள்ளவர்கள்தான் கதைகளைத் தேடிப் போகிறார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆனால் உங்கள் வீட்டுப் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாவலில் ஒரு பெண் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அவள் ஏன் பேசவில்லை என்பதை எழுத்தாளரே அடுத்த வரியில் சொல்லிவிடுகிறார். அன்று நீங்கள் உட்கார்ந்திருந்தபோது அந்த வரியை எழுத யாரும் இல்லை. அவராகத்தான் தலையைத் தூக்கிப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை எந்த நாவலும் கற்றுக்கொடுப்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கதாபாத்திரம் அவரிடம் எதையும் கேட்பதில்லை. எழுந்து வா என்று சொல்லாது, அவர் மேல் குறை சொல்லாது. அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம்.

அதற்காக வாசிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். நமக்குப் பிடிக்காத ஒருவருக்கும் அவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு என்பதை நல்ல கதைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மனசு அதற்குப் பழகுவது பெரிய விஷயம். ஆனால் அது தானாகவே வீட்டுக்குள் வந்துவிடாது, நாம்தான் அழைத்துவர வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? "கதைக்கு மட்டும் அழத் தெரியுது" என்று சண்டையில் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் அந்தக் கண்ணீரையும் மறைத்துக்கொள்வார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இன்னைக்கு எல்லார் முன்னாலயும் திட்டு வாங்கினேன். யோசனை எதுவும் வேண்டாம், நான் சொல்றதைக் கேட்டால் போதும்." இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால், அதைப் புரியாமை என்று நான் சொல்ல மாட்டேன். அக்கறைக் குறைவு. அதை அவரிடமே நேராகப் பேசித்தான் தீர வேண்டும்.

மகள் தாராளமாகப் படிக்கட்டும், ஆனால் மருந்து மாதிரி கொடுக்க வேண்டாம். ஒரு கதையை முடித்ததும், அதில் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஆள் யார், அந்த ஆள் ஏன் அப்படி நடந்துகொண்டிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பேச்சில் உங்கள் கணவரையும் உட்காரவையுங்கள்.