கடை வெப்சைட்டை எங்கே வைப்பது? வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தொழில் செய்பவர்கள் ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்கும் இடம்) பற்றிக் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஆற்காட்டில் மக்கன் பேடா கடை. ஐந்து பக்கம், விலைப்பட்டியல், ஒரு வாட்ஸ்அப் பட்டன், அவ்வளவுதான். இதற்கு அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸில் வாடகைக்குச் சர்வர் எடுக்கணும் என்கிறாரே டெவலப்பர்?

வேண்டாம்ணே. மாறாத பக்கங்களுக்கு சர்வரே தேவையில்லை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸின் இலவசத் திட்டமே தாராளம், செலவு டொமைனுக்கு (வெப்சைட் முகவரிக்கு) மட்டும்தான். கிட்ஹப் பேஜஸும் வெர்சலின் இலவசத் திட்டமும் வியாபாரத்துக்கு இல்லை என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள். சர்வர் எடுத்தால் அதற்கு அப்டேட் போட ஒரு ஆள் வேண்டும். யார் போடுவது, நீங்களா?

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் வங்காளம், அசாம். வேர்ட்பிரஸ்ஸில் (வெப்சைட் செய்யும் சாஃப்ட்வேர்) ரூம் புக்கிங். சர்வர் மும்பையிலா, சென்னையிலா?

இந்தியாவுக்குள் எங்கே இருந்தாலும் சரி சார். ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பை, ஐதராபாத், மைக்ரோசாஃப்டின் அஸூருக்கு சென்னை, புனே, டிஜிட்டல்ஓஷனுக்கு பெங்களூரு; கொல்கத்தாவில் இருப்பவருக்கு இதில் வித்தியாசமே தெரியாது. போனில் எடுத்த 5 எம்பி ரூம் போட்டோவை அப்படியே ஏற்றினால்தான் தெரியும். 200 கேபிக்குக் குறையுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸின் லைட்செயில் மாதிரி மாதம் இவ்வளவு என்று விலை கட்டிய திட்டமாகப் பாருங்கள், பேக்கப் அதே சர்வரில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கட்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். புக்கிங்கில் ஆதார் நகல் வாங்குகிறீர்களா? பல ஃபார்ம் ப்ளகின்கள் (படிவத்துக்காகச் சேர்க்கும் துணை சாஃப்ட்வேர்) அதை வேர்ட்பிரஸ்ஸின் அப்லோட்ஸ் ஃபோல்டரில் போடும், லிங்க் தெரிந்தால் பாஸ்வேர்டு இல்லாமலே யாரும் திறக்கலாம். நோயாளியோடு வருகிறவர்களின் ஆதார் அது. வந்ததும் ரிசப்ஷனில் காட்டச் சொன்னால் போதாதா?

ஆம்பூரில் ஷூ அப்பர் செய்து ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். பையர்கள் சைட் திறக்க லேட் ஆகிறது என்கிறார்கள். சர்வரை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மாற்றலாமா தம்பி?

அதற்கு முன்னாடி ஒரு சிடிஎன் (சைட்டின் நகலைப் பல ஊர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) போட்டுப் பாருங்கள் பாய். படமும் கேட்லாக்கும் அவர்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே போகும், அனேகமாக அதிலேயே தீர்ந்துவிடும்.

சர்வரை ஸ்டாப் செய்துவிட்டேன், ஆனாலும் மாதாமாதம் பில் வருகிறதே?

ஏடபிள்யூஎஸ்ஸின் சாதாரண சர்வரை (இசி2) ஸ்டாப் செய்தால் சிபியு வாடகைதான் நிற்கும். டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்), பிடித்து வைத்திருக்கும் ஐபி (சர்வரின் இணைய எண்) எல்லாவற்றுக்கும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஏடபிள்யூஎஸ்ஸில் 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், மாதம் சுமார் 3.6 டாலர் ஆகிறது. வேண்டாம் என்றால் டிஸ்க்கை அழித்து ஐபியையும் விட்டுவிடுங்கள். பட்ஜெட் அலர்ட் வைத்தால் மெயில்தான் வரும், சர்வர் தானாக நிற்காது. 18% ஜிஎஸ்டியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜிஎஸ்டி நம்பரை அக்கவுண்டில் போட்டுவிட்டால் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது.

ஆரணியில் பட்டுச் சேலைக் கடை. டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் சைட் செய்துகொடுத்த பையன் பேரில் இருக்கிறது. இப்போது போனே எடுப்பதில்லை.

எனக்கு அதிகம் வரும் கேள்வியே இதுதான். எந்த கிளவுட் என்று மூன்று வாரம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் டொமைன் யார் பேரில் என்று ஒரு நிமிடம் பார்ப்பதில்லை. ஹோஸ்டிங்கை ஒரே நாளில் மாற்றலாம். டொமைன் போனால் போர்டில், பில்லில், கட்டைப்பையில் அச்சடித்த முகவரி எல்லாம் போச்சு. அக்கா, முதலில் ஊரில் தெரிந்தவரை வைத்துப் பேசி ஆத் கோடு (டொமைனை வேறு அக்கவுண்டுக்கு மாற்றும் ரகசியக் குறியீடு) வாங்குங்கள், சண்டை போடாமல். அது கிடைத்தால் உங்கள் மெயிலில், உங்கள் மொபைல் நம்பரில் திறந்த அக்கவுண்டுக்கு மாற்றலாம். கிடைக்கவில்லை என்றால் பணம் கட்டிய ரசீதுகளோடு ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைனைப் பதிவு செய்த கம்பெனிக்கு) எழுதுங்கள், ஆனால் பதிவு அவர் பேரிலேயே இருந்தால் இழுக்கும். கைக்கு வந்ததும் மூன்று நாலு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி வந்த பிறகு ஈ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே கொடுத்த அனுமதி) இல்லாத கார்டில் ஆட்டோ ரினியூவல் நடக்காது.

முதல் வருஷம் மாதம் 99 ரூபாய் என்று ஒரு ஹோஸ்டிங், நல்லதா?

இரண்டாம் வருஷ விலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்எல்லுக்கு (சைட்டில் பூட்டுக் குறி காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்) தனியாக வருஷம் 3,000 ரூபாய் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் கொடுக்கும் சான்றிதழ் இலவசம், காலாவதியாகும் முன் தானே புதுப்பிக்கிற மாதிரி ஒருமுறை அமைத்துவிட்டால் வேலை முடிந்தது.