செம்பருத்தியை நெருங்கிப் படமெடுக்க எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: என்னிடம் கேனன் 1500டி கேமராவும் 18-55 கிட் லென்ஸும் 50 எம்எம் எஸ்டிஎம் லென்ஸும் இருக்கின்றன. வாசல் செம்பருத்தியை நெருக்கத்தில் எடுத்தால் மகரந்தம் தெளிவாக விழும்போது இதழ் மங்குகிறது, இதழைப் பிடித்தால் மகரந்தம் போய்விடுகிறது. ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக ஒட்டும் ஃபோகஸ் ஸ்டாக்கிங்தான் வழி, அதற்கு மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸும், கேமராவைச் சிறுகச் சிறுக நகர்த்தும் ஃபோகஸ் ரெயிலும் வேண்டும் என்கிறார் கடைக்காரர். மொத்தமாகக் கணக்குப் போட்டால் கேமரா விலையைத் தாண்டுகிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பணம் போட வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: மின் இணைப்புப் பின்கள் உள்ள எக்ஸ்டென்ஷன் டியூப். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெறும் வளையம், உள்ளே கண்ணாடி கிடையாது. 13, 21, 31 எம்எம் என்று மூன்றாகச் சேர்த்து விற்பார்கள். உங்கள் 50 எம்எம் லென்ஸில் 13-ஐ மட்டும் மாட்டினாலே, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் பூ தன் நிஜ அளவில் ஏறக்குறைய பாதியாக விழும். செம்பருத்திக்கு அதுவே தாராளம்.

அந்த நெருக்கத்தில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, எஃப் 8-இல் வைத்தால் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். பூவின் நடுத்தண்டு நுனியிலிருந்து அடி வரை 6 சென்டிமீட்டர் இருக்கும் என்று வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிகிற மாதிரி எடுத்தால் 30, 40 படங்கள் ஆகும். துவாரத்தை இன்னும் சுருக்கி எஃப் 22-க்குப் போய் ஒரே படத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆழம் கூடும், ஆனால் படம் முழுக்க ஒரு மெழுகு பூசிய மந்தம் வந்துவிடும்.

சரி, 40 படங்களுக்கும் ஃபோகஸை எப்படி நகர்த்துவது? உங்கள் கேமராவில் தானாக நகர்த்தும் வசதி இல்லை. ஆனால் கேனன் இலவசமாகத் தரும் இஓஎஸ் யுடிலிட்டி மென்பொருளை லேப்டாப்பில் போட்டு யூஎஸ்பி கேபிளில் இணைத்தால், திரையிலுள்ள அம்புக்குறியைச் சொடுக்கி லென்ஸ் மோட்டாரையே சின்னச் சின்ன அடியாக நகர்த்தலாம். கேமராவைத் தொடவே வேண்டாம், அதனால் ட்ரைபாடும் ஆடாது. இந்த அளவு நெருக்கத்துக்கு ரெயிலைவிட இதுதான் ஒழுங்காக வருகிறது. நான் முன்பு மலிவான நான்கு திசை ரெயில் ஒன்றை வாங்கினேன், திருகைப் பின்னால் சுற்றினால் கேமரா ஒரு நூல் பக்கவாட்டில் விலகும், அது இப்போது அலமாரி மேல் தூங்குகிறது. சென்சாரில் நிஜ அளவைவிடப் பெரிதாக விழும்படி, ஒரு மகரந்தப் பையை மட்டும் எடுக்கப் போகும் நாளில் நல்ல ரெயில் பற்றி யோசிக்கலாம்.

படங்களை ஒட்ட ஃபோட்டோஷாப் போதும். இதற்கென்றே உள்ள ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் மென்பொருள்கள் இரண்டையும் காசு கட்டும் முன் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம், உங்கள் சொந்தப் படங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் காற்று. எவ்வளவு செலவழித்தாலும் இதற்கு மருந்து கிடையாது, நடுவில் ஒரு தடவை பூ அசைந்தால் இதழ் ஓரம் இரட்டைக் கோடாக வரும். நான் பூவைக் காம்போடு பறித்து, உள்ளே டம்ளரில் நிறுத்தி, ஃபேனை அணைத்துவிட்டு எடுக்கிறேன். செம்பருத்தி பறித்த பிறகும் அன்று முழுக்க விரிந்தே இருக்கும். முழுதாக விரிந்த பூவாகப் பாருங்கள், விரிந்துகொண்டிருக்கும் பூ 40 படம் முடிவதற்குள் நகர்ந்துவிடும்.

கேள்வி (இன்னொருவர்): நான் அந்த எக்ஸ்டென்ஷன் டியூபை ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கிவிட்டேன். ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும் என்று போட்டிருந்தார்கள், வந்ததில் மின் இணைப்புப் பின்களே இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். என்னுடையதும் 50 எம்எம் எஸ்டிஎம்தான், சமாளிக்க முடியுமா?

பதில்: முடியாது. அந்த லென்ஸில் கையால் சுற்றும் ஃபோகஸ் வளையம்கூட மின்சாரம் வந்தால்தான் வேலை செய்யும். பின் இல்லையென்றால் அப்பர்ச்சரும் மாறாது, ஃபோகஸும் மாறாது. திருப்பித்தான் ஆக வேண்டும்.

பிரித்துவிட்டீர்கள் என்பதெல்லாம் இங்கே செல்லாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை.

ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன், இன்றைக்கே, அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போன மறுநாள் அந்த ஆட்டோஃபோகஸ் வரி காணாமல் போகலாம்.