முன்கை இறுகினால் முகமூடி எதற்கு?

கேள்வி: பாறையேற்றச் சுவரில் பாதி உயரம் போனதுமே மூச்சு முட்டுகிறது, முன்கை கல்லாக இறுகிவிடுகிறது. மலை உயரத்துக் காற்றைப் போலப் பழக்கும் முகமூடி என்று ஒருவர் விற்கிறார். முன்பணம் கொடுத்துவிட்டேன். பலன் இருக்குமா?

பதில்: உங்கள் சிக்கலுக்கு இருக்காது. அந்த முகமூடி காற்றின் வரத்தைத் தடுக்குமே தவிர, காற்றில் உள்ள ஆக்சிஜனைக் குறைக்காது. மூச்சுத் தசைகளுக்குக் கொஞ்சம் வேலை, அவ்வளவுதான். ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. குறை அங்கே இல்லை. பிடியை இறுக்கும்போது முன்கைத் தசை தன் இரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. பயத்தில் மூச்சையும் அடக்கினால் உடல் முழுதும் விறைத்து, தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறீர்கள்.

நல்ல கால்பிடி கிடைத்த இடத்தில் நில்லுங்கள். ஒரு கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, வாயால் 6 முதல் 8 வரை எண்ணி விடுங்கள். மூச்சை நீட்டி விடும்போதுதான் இதயத் துடிப்பு தணியும். கை மாற்றி மறுபடியும் செய்யுங்கள். எளிய தடங்களில் இது பழக்கமாகிவிட வேண்டும். கடினமான இடத்தில் புதிதாக நினைவுக்கு வராது.

ஏறுவதற்கு முன் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லும் வார இறுதி வகுப்புகளை நம்பவே வேண்டாம். அதனால் ஆக்சிஜன் சொல்லும்படியாகக் கூடுவதில்லை; கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். கயிற்றில் தொங்கும் நேரத்தில் இது விளையாட்டல்ல.

மூச்சை அடக்கவே கூடாதா என்றால், ஒரு விலக்கு உண்டு. எட்டாத பிடிக்குத் தாவும் அந்த ஓரிரு நொடி மூச்சு தானாகவே நிற்கும். வயிற்றழுத்தம் கூடி நடுவுடல் உறுதியாகும். அது தேவையானதுதான். பிடி கைக்கு வந்த கணமே மூச்சை விட்டுவிட வேண்டும். அடுத்த அசைவுக்கும் சேர்த்து அடக்கினால் அது விலக்கு அல்ல, உங்கள் பழைய பழக்கம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த விலக்கும் கிடையாது. அடக்கும்போது அழுத்தம் எகிறும்.

இதையெல்லாம் பயிற்சிக்கூடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். முடிச்சுப் போடவும் கயிறு பிடிக்கவும் பொறுமையாகக் கற்றுத்தருகிறவர்கள், மூச்சு என்று வந்தால் கீழே நின்று "மூச்சு விடு!" என்று கத்துவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எப்படி விடுவது என்று சொல்லித்தர ஆளில்லாத அந்த இடைவெளியில்தான் முகமூடி வியாபாரி நுழைகிறார். முன்பணத்தை இன்றே திருப்பிக் கேளுங்கள்.