முன்னாள் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆண்டி ரோடிக்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: ஜெயித்தது ஒரே ஒரு கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று). அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?
ப: ஒன்றுதான், 2003 யூஎஸ் ஓபன். அரையிறுதியில் நல்பாண்டியனிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற மேட்ச் பாயின்ட்டிலும் தப்பி, இறுதியில் ஃபெரேரோவை நேர் செட்டில் முடித்தார். அந்த வருடக் கடைசியில் உலக நம்பர் 1. அப்புறம் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதி. நான்கிலும் எதிரே சுவிஸ் வீரர் ஃபெடரர்.

கே: மணிக்கு 249 கிலோமீட்டர் சர்வ் எப்படி வந்தது?
ப: 2004 டேவிஸ் கோப்பை (நாடுகளுக்கு இடையிலான போட்டி), பெலாரஸுக்கு எதிராக. மற்றவர்கள் ராக்கெட்டைக் கீழே இறக்கிப் பின்னால் சுற்றிக்கொண்டு வருவார்கள். இவர் முழங்காலை மடக்கியபடியே நேராக மேலே தூக்கி, ஒரே வீச்சு. பார்த்துவிட்டு நாளைக்கே முயற்சி பண்ணாதீர்கள், தோள்பட்டை போய்விடும்.

கே: என் பையனுக்கு 11 வயது, அந்த சர்வைப் பழக்கலாமா?
ப: தோள்பட்டை என்று இப்போதுதான் சொன்னேன்.

கே: எந்த ராக்கெட் வாங்கலாம்?
ப: கோச்சைக் கேளுங்கள்.

கே: 2009 விம்பிள்டன் இறுதியை அவரே கோட்டைவிட்டார். முதல் செட் கையில், இரண்டாவது செட் டைபிரேக்கில் (6-6 சமநிலையில் ஆடுவது, 7 புள்ளி எடுத்தால் செட்) 6-2 முன்னிலை. அப்புறமும் தோற்பதா?
ப: அந்த டைபிரேக்கில் 6-5 இல் உயரமாக வந்த பந்தைத் தரையில் விழவிடாமல் பேக்ஹேண்ட் வாலியில் வெளியே அடித்தது அவர் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொத்தம் 77 கேம். ஃபெடரர் அடித்த ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) மட்டும் 50. அப்படியும் ரோடிக் தான் சர்வ் போட்ட கேமை இழந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசி கேமில். ஐந்தாவது செட் 16-14. இதற்குப் பெயர் கோட்டைவிடுவதா?

கே: (அதே நண்பர்) அந்தப் பந்தைத் தொடாமல் விட்டிருக்கலாமே?
ப: வலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு யோசிக்க எங்கே நேரம்? சோபாவில் சாய்ந்து ரீப்ளே பார்க்கிற நமக்குத்தான் அதெல்லாம்.

கே: ஃபெடரர் மட்டும் இல்லையென்றால்?
ப: மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். நான்கு இறுதி என்றேன், கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: ஆள் கோபக்காரராமே?
ப: அம்பயர்களோடு நிறையச் சண்டை உண்டு. அதே ஆள் 2005 இல் ரோமில், வெர்டாஸ்கோவுக்கு எதிராக மேட்ச் பாயின்ட்டில் நின்றபோது, எதிராளியின் இரண்டாவது சர்வை லைன் ஜட்ஜ் 'அவுட்' என்றார். ஆட்டம் முடிந்தது என்று கைகுலுக்கியிருக்கலாம். ரோடிக் களிமண்ணில் பதிந்திருந்த தடத்தைக் காட்டி, பந்து உள்ளேதான் என்றார். கடைசியில் தோற்றும் போனார்.

கே: (மறுபடியும் வாலி நண்பர்) விட்டிருந்தால் இரண்டு செட் முன்னிலை...
ப: சரி, உங்களுக்கு இதுதான் கடைசி பதில். விட்டு, அது கோட்டில் விழுந்திருந்தால் 'ஏன் அடிக்கவில்லை' என்று கேட்டிருப்பீர்கள்.