மாத்திரைக்குள் உப்பு எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரை அட்டையில் ‘அம்லோடிபின் பெசிலேட், அம்லோடிபின் 5 மி.கி.க்குச் சமம்’ என்று போட்டிருக்கிறது. பெசிலேட் ஒரு உப்பு என்கிறார் மருந்துக்கடைக்காரர். உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரே உப்பைத் தருகிறாரா? இன்னொன்று: உப்பு என்றால் அயனிப் பிணைப்பு என்றுதானே படித்தோம். நீங்கள் இத்தகைய உப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்பு முக்கியம் என்று எழுதியிருந்தீர்களே, எப்படி?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

முதலில் ஒன்று, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் குறைக்கச் சொல்வது சோடியத்தை. பெசிலேட்டில் சோடியமே கிடையாது. பென்சீன் சல்ஃபோனிக் அமிலம் தன் புரோட்டானை மருந்தின் அமீன் முனைக்கு, அதாவது நைட்ரஜன் இருக்கும் முனைக்குக் கொடுத்துவிடும்போது உண்டாகும் உப்பு அது. சுமார் 6.9 மி.கி. உப்பில் 5 மி.கி. மருந்து இருக்கிறது. ‘சமம்’ என்று அச்சிடுவது அதனால்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சாப்பாட்டு உப்பில் சோடியமும் குளோரைடும் உருண்டையான அயனிகள். மின்னூட்டம் எல்லாப் பக்கமும் ஒரேபோல இழுக்கும், அதற்குத் திசை கிடையாது. ஆனால் அமீன் முனையில் மூன்று ஹைட்ரஜன்கள் மூன்று திசையில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எதிரே, புரோட்டானைக் கொடுத்துவிட்ட அமிலத்தின் மிச்சமான சல்ஃபோனேட்டில் மூன்று ஆக்சிஜன்கள். நைட்ரஜனோடு இருக்கும் ஹைட்ரஜனை எதிரேயுள்ள ஆக்சிஜன் இழுப்பதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே ஏறக்குறைய 2.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). அயனிகளை அருகே கொண்டுவருவது மின்னூட்டம்தான். அப்புறம் எது எந்தப் பக்கம் திரும்பி உட்காரும், சங்கிலியாகுமா தாளாகுமா என்பதில் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பாடப்புத்தகம் அயனிப் பிணைப்போடு நிறுத்திக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதற்கு மிக அழகான சாட்சி குவானிடினியம் சல்ஃபோனேட்டுகள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்கரெட் எட்டரும் மைக்கேல் வார்டும் ஆராய்ந்தவை, கட்டுரை 1994இல் வந்தது. குவானிடினியம் என்பது மூன்று நைட்ரஜன்கள் கொண்ட நேர் அயனி, அதில் ஆறு ஹைட்ரஜன்கள். சல்ஃபோனேட்டின் மூன்று ஆக்சிஜன்களும் ஆளுக்கு இரண்டை ஏற்றுக்கொள்கின்றன. கணக்கு சரியாகப் பொருந்துவதால் தேன்கூடு போல அறுகோண வலை விரிகிறது. சல்ஃபோனேட்டின் வாலில் வேறு வேறு தொகுதிகளை மாட்டினாலும் வலை பெரும்பாலும் குலைவதில்லை.

மருந்து மூலக்கூறுகள் இவ்வளவு சொன்னபடி கேட்பதில்லை. அம்லோடிபினை ஃபைசர் மருந்து நிறுவனம் முதலில் மாலியேட் உப்பாகத்தான், அதாவது மாலியிக் அமிலத்தோடு சேர்த்துத்தான் செய்தது. அது மாத்திரை அடிக்கும் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டது, நாள்பட நிலைத்தும் நிற்கவில்லை. வேறு அமிலங்களை முயன்று பார்த்துத்தான் பெசிலேட்டுக்கு வந்தார்கள். எந்த உப்பு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது காப்புரிமை வழக்கில் அவர்களுடைய வாதம். 2007இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்படி முயன்று பார்ப்பது வழக்கமான வேலைதான் என்று காப்புரிமையை ரத்து செய்தது. நோயாளிகள் பக்கம் நின்று பார்த்தால் நல்ல தீர்ப்பு. ஆனால் முன்கூட்டிச் சொல்வது இன்றைக்கும் கடினம்தான்.